பசித்த வேர் திறக்கும் வாயில்

வயலில் நிற்கும் மக்காச்சோளப் பயிரொன்றைப் பறித்து, அதன் மெல்லிய பக்கவேர்களை மண்போகக் கழுவிக் காரக் கரைசலில் வேகவைக்க வேண்டும். பிறகு காடியில் எழுதுமை கலந்து, அந்த நீரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்தால் வேரின் உயிரணுக்கள் கண்ணாடிபோல் வெளிறித் தெளிந்துவிடும். மை ஏறி நிற்பவை பூசண இழைகளே. அந்த வேரை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் செங்கல் அடுக்கியதுபோன்ற அறைவரிசைகள் தெரிகின்றன. அறைகளுக்கு இடையே நீல இழை ஊர்ந்து வருகிறது. புறணியின் உள்ளடுக்கில் ஓர் அறையின் சுவரைத் துளைத்து நுழைகிறது. நுழைந்ததும் இரண்டாகி, நான்காகி, மேலும் மேலும் நுணுகிக் கிளைத்து, அறை கொள்ளாத குறுமரமாக நிற்கிறது. பக்கத்து அறையிலும் அதே மரம், அடுத்ததிலும் அதே. முதன்முறை காண்பவர் பயிருக்கு ஏதோ பெருநோய் பற்றிவிட்டது என்றே அஞ்சுவார்.

நோயன்று. நிலத்தில் வாழும் தாவர இனங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஏழு இவ்வாறே தம் வேரறைக்குள் பூசணத்தை ஏற்று வாழ்கின்றன. நெல், சோளம், கம்பு, கரும்பு, வாழை, மரவள்ளி, மிளகாய், வெங்காயம், உளுந்து, நிலக்கடலை என நம் உணவும் பணப்பயிரும் பெரும்பாலும் இவ்வினத்தவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்பூசணத்தை ‘வேர் உட்பூசணம்’ என்று வழங்குகிறது. உழவர் நாவில் அது ‘வேம்’. மண்ணிலுள்ள மணிச்சத்தை எடுத்துப் பயிருக்குத் தரும் என்பதுவரை ஊர்தோறும் சொல்லப்படுகிறது. சொல்லப்படாதது மற்றொன்று. இக்கூட்டுறவில் வேரின் உயிரணு வாளாவிருந்து உதவி பெறுவதில்லை. அழைப்பதும், வழியமைப்பதும், உணவிடுவதும், வேண்டாதபோது வெளியேற்றுவதும் அதுவே. கடந்த இருபது ஆண்டுகளில் ஐயமறத் தெளிந்த இச்செய்தி நம் உரக் கொள்கையின் காதுக்கு இன்னும் எட்டவில்லை என்பதே நம் கவலை.

1885-ல் ஜெர்மானியத் தாவரவியலார் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க், பூசணம் என்ற கிரேக்கச் சொல்லையும் வேர் என்ற கிரேக்கச் சொல்லையும் இணைத்து ‘மைகோரைசா’ என்று பெயர் சூட்டினார். டிரஃபிள் என்னும் விலைமிக்க நிலத்தடிக் காளானைப் பயிரிட வழி காணுமாறு பிரஷ்ய அரசு அவரைப் பணித்திருந்தது. அந்த வேலையாகக் காட்டுமரங்களின் வேரைத் தோண்டியவர், வேர்நுனிகளைப் பூசணம் உறைபோல் போர்த்தியிருக்கக் கண்டார். அது மரத்தைத் தின்னும் ஒட்டுண்ணியன்று, மரத்தை ஊட்டும் செவிலி என்று எழுதினார். அக்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. நாம் பேசும் பயிர்ப் பூசணம் அவர் கண்டதற்கு உறவன்று. அது வேரைப் போர்த்துவதில்லை, அறைக்குள்ளேயே புகுந்துவிடும். 1905-ல் பிரான்சில் வெளிவந்த ஓர் ஆய்வில்தான் அந்தக் குறுமரத்துக்கு அதே பொருள்படும் இலத்தீன் பெயர் இடப்பட்டது.

இந்த உறவின் பழமை எண்ணிப் பார்க்கத் தக்கது. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் சிற்றூரில், வெந்நீர் ஊற்றின் கனிமம் படிந்து கல்லாகிப்போன பழந்தாவரங்கள் கிடைக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 40 கோடியே 70 இலட்சம் ஆண்டு. அவற்றுள் அக்லாஃபைட்டான் என்னும் செடியின் உயிரணுக்களுக்குள் அதே குறுமரம் இருப்பதை 1994-ல் ஆய்வாளர் காட்டினர். அச்செடிக்கு வேரென்ற உறுப்பே கிடையாது. நிலத்தில் படர்ந்த தண்டுதான் பூசணத்தை ஏற்றிருந்தது. நீரை விட்டுக் கரையேறிய தாவரம், வேர் முளைக்கும் முன்பே பூசணத்தோடு உடன்பாடு செய்துகொண்டது என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டியதில்லை.

இனி வேரறைக்குள் நடப்பதைக் காண்போம்.

மணிச்சத்து மண்ணில் இல்லாமலில்லை. இருந்தும் எட்டாமல் இருப்பதே தொல்லை. இரும்போடும் அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் பிணைந்து நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நைட்ரேட்டைப் போல நீரோடு ஓடி வருவதில்லை. ஆகவே வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் உள்ளதை உறிஞ்சியதும், சுற்றிலும் வறுமை வளையம் ஒன்று விழுந்துவிடுகிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே பருமனுள்ள பூசண இழை அவ்வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தொலைவுக்குப் போகும். வேர்த்தூவியும் நுழையாத மண்ணிடுக்கில் நுழையும்.

பசித்த வேர் முதலில் குரல் கொடுக்கிறது. அது மண்ணில் கசியவிடும் வேதிப்பொருளின் பெயர் ஸ்ட்ரைகோலாக்டோன். இப்பெயருக்குப் பின்னே ஒரு நீண்ட புதிர் உண்டு. சோளத்திலும் கரும்பிலும் வேரில் ஒட்டி உயிரை உறிஞ்சும் சுடுமல்லியை நம் உழவர் அறிவர். அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக்கிடந்து, பயிரின் வேர்க்கசிவு பட்டதும் விழித்து முளைக்கிறது. அவ்வாறு எழுப்பும் பொருளை 1966-ல் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுத்தனர். தன்னைக் கொல்ல வருவதைத் தானே கூவி அழைக்கும் மடமை பயிருக்கு எதற்கு? நாற்பதாண்டு இக்கேள்விக்கு விடை இல்லை. 2005-ல் ஜப்பானின் அக்கியாமா குழுவினர் விடை கண்டனர். அழைப்பு பூசணத்துக்கு உரியது. அப்பொருள் எள்ளளவினும் எள்ளளவாகப் பட்டாலே பூசண இழை வேகமாகக் கிளைக்கிறது. சுடுமல்லி அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டு வரும் கள்வன். மூன்றாண்டு கழித்து, அதே பொருள் செடிக்குள் கிளைப்பை அடக்கும் வளரூக்கியாகவும் இருப்பது தெரியவந்தது. வேர் பசித்திருக்கும்போது மேலே கிளைகளைக் குறைத்து, கீழே துணையை அழைக்கிறது செடி. ஒரே பொருள் இரண்டு வேலையையும் செய்கிறது.

அழைப்பைக் கேட்ட பூசணம் வெறுங்கையோடு வருவதில்லை. தன் சுவர்ப்பொருளான கைட்டினின் சிறு துண்டுகளால் ஆன அடையாளங்களை முன்னே அனுப்புகிறது. கைட்டின் என்றாலே நோய்ப்பூசணம் என்று போருக்கு எழுவது தாவர உயிரணுவின் இயல்பு. இங்கோ அது நிதானித்து, வருபவர் யாரென்று பார்க்கிறது. அந்த அடையாளம் பட்டதும் உயிரணுவின் உட்கருவில் கால்சியம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாடித் துடிப்பைப் போல் அலையெழுப்புகிறது. அந்தத் துடிப்பைப் படித்தறியும் ஒரு புரதம் அடுத்த கட்டத்துக்கான மரபணுக்களை எழுப்புகிறது. உளுந்தும் துவரையும் வேர்முடிச்சில் ரைசோபியத்தை ஏற்பதும் இதே வழியாகத்தான். பூசணத்துக்காக முன்பே இட்ட பாதையைப் பயறுவகைச் செடிகள் பல கோடி ஆண்டுகளுக்குப் பின் பாக்டீரியாவுக்கும் திறந்துவிட்டன.

இதற்கு அடுத்து நிகழ்வது நம்மைப் பெருவியப்பில் ஆழ்த்துவது. குதிரைமசாலுக்கு நெருங்கிய உறவான மெடிகாகோ என்னும் சிறு செடியின் வேரில், இத்தாலியின் தூரின் நகரத்துப் பவோலா பொன்ஃபாந்தேயும் பிரான்சின் துலூஸ் நகரத்து ஆய்வாளரும் இணைந்து கண்டு 2005-ல் அறிவித்தது அது. பூசணம் வேரின் மேற்புறத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. உடனே நுழைவதில்லை. அது ஒட்டிய இடத்துக்கு நேர்கீழே, வேரறையின் உட்கரு நகர்ந்து வருகிறது. வந்து, தொட்ட இடத்தை அடைந்து, திரும்பி, அறையின் குறுக்கே உள்நோக்கி நடக்கிறது. அது நடந்த தடத்தில் நுண்ணிழைகளும் சவ்வடுக்குகளும் திரண்டு ஒரு குகைவழி உருவாகிறது. இதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகிறது. அவ்வழி முடிந்தபின்தான் பூசணம் சுவரைக் கடந்து, தனக்கென்று இட்ட பாதையில் செல்கிறது. விருந்தினர் வருமுன் வாசலில் பந்தலிட்டு, உள்ளறைவரை பாய்விரித்து வைத்திருக்கும் வீட்டை ஒத்தது அது. கள்வன் புகுந்த வீட்டில் பந்தல் இராது.

உள்ளறையில் குறுமரம் கிளைக்கும்போது, உயிரணுவின் சவ்வு எங்கும் கிழிவதில்லை. ஒவ்வொரு நுண்கிளையையும் சவ்வு உடன் வளர்ந்து போர்த்துகிறது. பூசணம் அறைக்குள் இருந்தும் சவ்வுக்கு வெளியேதான் நிற்கிறது. அவ்வளவு கிளைக்கும் உறை நெய்ய, இருந்த சவ்வைப்போல் பல மடங்கு புதுச் சவ்வை உயிரணு இரண்டு மூன்று நாளில் ஆக்கியாக வேண்டும். அறையின் நடுவை அடைத்திருந்த சாற்றுக்குமிழ் சுருங்கி இடம் விடுகிறது. ஓரத்தில் ஒதுங்கிக்கிடந்த உட்கரு பருத்து நடுவுக்கு வருகிறது. கணிகங்கள் வலைபோல் குறுமரத்தைச் சூழ்கின்றன. அறை தன் உடலையே மாற்றிக்கொள்கிறது என்று சொன்னால் மிகையன்று. இத்தனையும் சில நாள் வாழ்வுக்காக. அதன்பின் குறுமரம் தளர்ந்து ஒடுங்கிச் சிதைகிறது, உயிரணு சாவதில்லை, பழைய வடிவுக்கு மீண்டு, மற்றொரு பூசணத்தை ஏற்கவும் அணியமாகிறது.

அந்தப் புதுச் சவ்வின் வழியாகத்தான் மணிச்சத்து உயிரணுவுக்குள் வருகிறது. அதற்கென்றே தனிக் கடத்திப் புரதம் உண்டு என்பது மெடிகாகோவிலும் நெல்லிலும் 2002-ல் தெளிந்தது. 2007-ல் மேரியா ஹாரிசன் குழுவினர் அக்கடத்தியைச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். மணிச்சத்து வந்துசேராத அறைகளில் குறுமரம் தன் காலத்துக்கு முன்பே சிதைந்தது. வரவு உண்டா என்று அறைதோறும் கணக்குப் பார்க்கிறது வேர். வரவில்லாத குடியைத் தொடர்ந்து வைத்திருப்பதில்லை.

கைம்மாறும் சிறிதன்று. பயிர் தன் இலையில் சமைத்த கரிமத்தில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்குவரை இப்பூசணத்துக்குச் செல்கிறது. சர்க்கரையே தருகிறது என்று நெடுநாள் நம்பினோம். 2017-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டியது வேறு. இப்பூசணத்துக்குக் கொழுப்பு அமிலத்தை முதலிலிருந்து ஆக்கும் ஆற்றலே கிடையாது. வேரறையே கொழுப்பை ஆக்கி ஊட்டுகிறது. தாவர வேர் இல்லாமல் இப்பூசணத்தை இயல்பாக வளர்க்க முடியாதிருந்ததன் காரணம் அப்போது விளங்கிற்று. ஃபிராங்க் பூசணத்தைச் செவிலி என்றார். இன்று அறிந்தவரை ஊட்டும் கை இரண்டு பக்கமும் உண்டு.

இவ்வளவு செலவு செய்து வைத்துக்கொள்ளும் துணையைப் பயிர் எப்போது ஏற்கும், எப்போது மறுக்கும்? உழவுக்கு நேரே பொருந்தும் கேள்வி இது. மணிச்சத்து மிகுந்த மண்ணில் வேர்களில் பூசணம் குறைவதை ஆய்வாளர் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். அது எவ்வாறு என்பதை 2021-ல் சீன ஆய்வாளர் நெல்லில் விளக்கினர். மணிச்சத்துப் பசியை உணர்ந்து பயிரின் உடலெங்கும் அறிவிக்கும் புரதம் ஒன்று உண்டு. பூசணத்தை ஏற்கும் மரபணுக்களை எழுப்புவதும் அதே புரதம். மணிச்சத்து நிறைந்திருக்கும்போது மற்றொரு புரதம் அதனைப் பிடித்துக் கட்டிவிடுகிறது, அழைப்பு அடங்குகிறது, வாயில் சாத்தப்படுகிறது. வயிறு நிறைந்த வேருக்குக் கொழுப்பைக் கொடுத்துக் கூட்டாளி வைத்துக்கொள்ளக் காரணம் இல்லை. பயிர் செய்வது சரியான கணக்கு. தவறு நம் பக்கம்.

டி.ஏ.பி. என்னும் மணிச்சத்து உரத்தின் மூட்டை 50 கிலோ. அதில் மணிச்சத்தின் பங்கு நூற்றுக்கு 46, அதாவது மூட்டைக்கு 23 கிலோ. இட்ட பருவத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். எஞ்சியது மண்ணோடு பிணைந்து தங்குகிறது. அடுத்த பருவத்தில் அதே அடியுரம், அதே அளவு. மண்ணாய்வு என்ன சொல்கிறது என்று கேளாமல், கடைக்காரர் சொல்லும் அளவையும் பக்கத்து வயல்காரர் இட்ட அளவையும் பார்த்து இடும் வழக்கம் பரவிக்கிடக்கிறது. உழவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று; விளைச்சல் ஒரு மூட்டை குறைந்தால் கடன் தவணை தவறும் குடும்பம் துணிந்து உரத்தைக் குறைக்காது. ஆனால் நாடென்ற அளவில் இதன் விலை பெரிது. மணிச்சத்து உரத்தின் மூலப்பொருளான பாஸ்பேட் பாறையின் உலக இருப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு மொராக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் கிடக்கிறது. இந்தியா தன் தேவையின் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைக்கிறது. பொது நிதியில் மானியம் கொடுத்து வாங்கிய உரம் மண்ணில் பிணைந்து கிடக்க, பிணைந்ததை எடுத்துத் தரவல்ல பூசணத்துக்கு எதிரே அந்த உரமே கதவடைக்கிறது.

இதனைச் சொல்லி மணிச்சத்து உரமே வேண்டா என்பாரும் உளர். அவ்வழியும் நமக்கு உடன்பாடன்று. பூசணம் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. இருப்பதைத் தேடி எடுத்துத் தருகிறது. அறுவடையோடு வயலைவிட்டுப் போகும் மணிச்சத்தை ஏதேனும் ஒரு வழியில் திருப்பி இட்டுத்தான் ஆகவேண்டும். எவ்வளவு, எந்த மண்ணில், எந்தப் பயிருக்கு என்ற அளவறிதலே நாம் கேட்பது.

உரம் ஒன்றே கதவை அடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டார்லிங் டவுன்ஸ் என்னும் கரிசல்வெளி உண்டு. நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலின் இனத்து மண். மழைநீரைச் சேமிக்கவென ஓராண்டுக்கு மேல் களையும் முளைக்கவிடாமல் நிலத்தை வெறுமையாக வைத்திருப்பது அங்கே வழக்கம். நீர் சேர்ந்தது, தழைச்சத்தும் சேர்ந்தது. ஆனால் அதன்பின் விதைத்த மக்காச்சோளமும் சூரியகாந்தியும் ஆளி விதையும் குன்றி, மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாத பயிர்போல் நின்றன. உழவர் திகைத்தனர். 1987-ல் தாம்சன் என்னும் ஆய்வாளர் காரணத்தைக் காட்டினார்: உயிருள்ள வேர் இல்லாத அந்நீண்ட காலத்தில் பூசணம் பட்டினியால் அருகிவிட்டது. கொழுப்பை ஊட்டும் வேரறை இல்லையேல் அதற்கு வாழ்வு இல்லை என்ற 2017-ன் செய்தி முப்பதாண்டுக்கு முன்பே அந்த வயல்களில் எழுதப்பட்டிருந்தது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவை இக்கூட்டுறவை இழந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை நின்ற பருவமும் பூசணத்துக்குப் பட்டினிக் காலமே. நீலகிரியில் முட்டைக்கோஸ் எடுத்த பாத்தியில் அடுத்துக் கேரட்டோ உருளையோ இடுபவருக்கு இந்தச் செய்தி பயன்படும். (தாவர ஆய்வகங்கள் மாதிரிச் செடியாக வைத்து மிகுதியாக ஆராய்ந்ததும் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றே. அறிவியல் இவ்வுறவைக் காலந்தாழ்த்திக் கண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.) ஆழ உழுவதால் பூசண வலை அறுபடுகிறது என்பதும் உண்மை; ஆனால் களைக்காகவும் நீருக்காகவும் உழுபவரிடம் அதனை விலக்கச் சொல்லும்முன் மாற்றுவழி காட்டும் கடமை அரசுக்கு உண்டு.

பூசணப் பொட்டலம் வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணை உயிர் உரங்களுள் வேர் உட்பூசணத்தையும் சேர்த்துத் தரம் வகுத்துள்ளது. நாற்றங்காலிலும் மரக்கன்று வளர்ப்பிலும், கெட்டுப்போன மண்ணிலும் அது நற்பயன் தரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எல்லா வயலுக்கும் ஒரே மருந்தாக விற்பது பொருந்தாது. சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் இப்பூசணத்தை இட்டுப் பார்த்து 2023-ல் வெளியிட்ட முடிவைக் காண்க. ஒரு வயலில் வளர்ச்சி நூற்றுக்கு 40 கூடிற்று. இன்னொரு வயலில் நூற்றுக்கு 12 குறைந்தது. எந்த வயலில் கூடும் என்பதை அந்த மண்ணில் முன்பே வாழும் நோய்ப்பூசணங்களையும் பிற நுண்ணுயிர்களையும் கண்டே பெரும்பாலும் முன்னறிய முடிந்தது. மண்ணைக் காணாமல் பொட்டலம் இடுவதும், மண்ணைக் காணாமல் மூட்டை இடுவதும் ஒரே தவறின் இரண்டு உருவங்கள்.

இத்துறையில் நாம் பிந்தியவரல்லேம். ஆசியாவின் முதல் வேர்ப்பூசண மாநாடு 1988 சனவரியில் சென்னையில்தான் கூடியது. பெங்களூரில் பாகியராஜ் போன்றோர் அதற்கு முன்பே இப்பூசணத்தைப் பயிர்களோடு இணைத்து ஆராய்ந்தனர். அறிவு இருந்தது, அது வயலுக்கு இறங்கும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

எங்கே நின்றது என்பதற்கு ஒரு தாளைக் காட்டலாம். 2015-ல் தொடங்கி நாடெங்கும் உழவர்க்கு மண்வள அட்டை வழங்கப்படுகிறது. அதில் 12 வரிகள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்துதிறன், கரிமச்சத்து. நல்ல திட்டம், தேவையான திட்டம். ஆயினும் அந்த மண்ணில் உயிர் ஏதேனும் வாழ்கிறதா, வேர் அதனை ஏற்றதா என்று கேட்கும் வரி ஒன்றும் அதில் இல்லை.

பதின்மூன்றாம் வரி ஒன்று வேண்டும். அதற்குப் பெருங்கருவி தேவையில்லை. காரக் கரைசலைக் கையாளத் தெரிந்த பயிற்சியாளர், ஒரு நுண்ணோக்கி, காடி, மை ஆகியன போதும். இளநிலை வேளாண்மை பயிலும் மாணவர் இறுதியாண்டில் சிற்றூர்களில் தங்கிப் பணியனுபவம் பெறுகின்றனர். ஆளுக்குப் பத்து வயல் என்று வைத்தாலும், விதைத்த நாற்பதாம் நாளில் பயிரைப் பறித்து, வேரை வெளுத்து, சாயமேற்றி எண்ணிவிடலாம். நூறு வேர்த்துண்டில் எத்தனையில் குறுமரம் தெரிந்தது என்ற ஓர் எண். மணிச்சத்து வரிக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணும் எழுதப்படட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்து, அடுத்த பட்டத்துக்கு டி.ஏ.பி. எத்தனை மூட்டை என்று உழவர் முடிவு செய்யட்டும்.